நிலா ஜப்பானுக்கு, வாள் அரபிக்கு

1

தமிழில் இலக்கியம் வாசிக்கும் ஒருவரின் புத்தக அடுக்கில் ஜப்பான் எங்கே இருக்கிறது, அரபு உலகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜப்பான் இருக்கும் தட்டில் ஹைக்கூ, ஜென் கதைகள், தேநீர், நிலா, செர்ரிப்பூ, கொஞ்சம் முரகாமி. அரபு இருக்கும் தட்டில் பாலஸ்தீனம், எண்ணெய், போர், மதம். முதல் தட்டுக்கு அழகு என்று பெயர். இரண்டாவது தட்டுக்குப் பிரச்சினை என்று பெயர்.

நம் வாசிப்பும் இப்படித்தான் நடக்கிறது. மனசு சரியில்லாத காலையில் பாஷோவைப் பகிர்கிறோம். காஸாவில் குண்டு விழுந்தால் மஹ்மூத் தர்வீஷைப் பகிர்கிறோம். குண்டு ஓய்ந்தால் தர்வீஷும் ஓய்ந்துவிடுகிறார், அடுத்த குண்டு விழும்வரை.

இதை நான் பாகப்பிரிவினை என்கிறேன். யாரும் பத்திரம் எழுதவில்லை, சாட்சிக் கையெழுத்து போடவில்லை. ஆனாலும் அளந்து கல் நட்டாகிவிட்டது. அழகு ஜப்பானுக்கு, அரசியல் அரபிக்கு. அந்தக் கல்லைப் பிடுங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பிரிவினையால் இரண்டு பெரிய இலக்கியங்களைப் பாதிப் பாதியாக வாசிக்கிறோம். அது வெறும் வாசிப்புக் குறை என்றால் விட்டுவிடலாம். அதே பழக்கத்தால் நம்ம ஊரையும் பாதிதான் பார்க்கிறோம். சேலம், நாமக்கல் பக்கம் வாழ்கிற எனக்கு அதுதான் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

2

சேலத்திலிருந்தே தொடங்குகிறேன். தமிழர்களின் மனசில் இருக்கும் அரபி பெரும்பாலும் தயாரானது இங்கேதான்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம். 1956இல் அவர் இயக்கி வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். எம்.ஜி.ஆர், பானுமதி நடித்தது. நம் தாத்தா பாட்டிகள் திரையில் முதன்முதலாக ஒரு முழுத் தமிழ்ப் படத்தை வண்ணத்தில் பார்த்தபோது அது அரபு நாட்டின் வண்ணமாக இருந்தது. குதிரை, வளைந்த வாள், குகை நிறையத் தங்கம், அடிமைப் பெண், எண்ணெய்ப் பீப்பாய். நல்ல பொழுதுபோக்குப் படம், அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டோமா?

‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலின் பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபா கதை கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நூலைப் பிரெஞ்சில் ஆக்கிக்கொண்டிருந்த அந்துவான் கலானுக்கு, 1709இல் பாரிஸுக்கு வந்திருந்த ஒரு இளைஞர் வாய்மொழியாகச் சொன்ன கதைகளில் ஒன்று அது. அந்த இளைஞர் ஹன்னா தியாப், சிரியாவின் அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவர். கலான் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டார், விரித்து எழுதினார், தன் தொகுதியில் சேர்த்தார். ஐரோப்பா முழுவதும் பரவி, பல மொழிகளைச் சுற்றி, கடைசியில் ஏற்காடு அடிவாரத்தில் வந்து இறங்கியது.

அதே அலெப்போவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொருவர் பிறந்தார். அப்துர் ரஹ்மான் அல்-கவாகிபி. பத்திரிகை நடத்தினார். ஒட்டோமன் அதிகாரிகள் மூடினார்கள். மறுபடி தொடங்கினார், மறுபடி மூடினார்கள். கெய்ரோவுக்குப் போய், கொடுங்கோன்மையின் இயல்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கொடுங்கோன்மைக்கும் மதத்துக்கும் என்ன உறவு, அறிவுக்கும் அதற்கும் என்ன பகை, பணம் அதை எப்படி வளர்க்கிறது, அது மனிதரின் ஒழுக்கத்தையும் பிள்ளை வளர்ப்பையும் எப்படிக் கெடுக்கிறது என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எழுதிய நூல். 1902இல் கெய்ரோவில் இறந்தார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்ற பேச்சு இன்றுவரை இருக்கிறது.

ஒரே ஊர், இரண்டு பேர். ஒருவர் திருடர் கதை சொன்னார், மற்றவர் ஆட்சியாளர்களைப் பற்றி எழுதினார். திருடர் கதை சேலத்துக்கு வந்து சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கவாகிபியின் பெயர் உச்சரிக்கப்பட்ட ஒரு இலக்கியக் கூட்டத்தைக்கூட நான் எங்கள் பக்கம் பார்த்ததில்லை.

‘அரபு அரசியல்’ என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் தட்டில்கூட உண்மையில் அரசியல் சிந்தனை இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே இருப்பது செய்தி. துயரம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. சிந்திக்கிற அரபி அங்கேயும் இல்லை. ஜப்பானியரை ஓவியராகவும் கவிஞராகவும் அறிகிறோம். அரபியை அடிபடுகிறவராகவோ அடிக்கிறவராகவோ மட்டும் அறிகிறோம்.

3

இப்போது ஜப்பான் தட்டுக்கு வருவோம்.

தமிழில் ஜப்பானியக் கவிதையைப் பேசிய முன்னோடி பாரதி. 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உயோநே நோகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் ஆங்கிலத்தில் எழுதியதை வைத்துக்கொண்டு, சொற்சுருக்கத்தின் பெருமையைப் பேசினார். பிறகு அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ 1974இல் வந்தது. 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’. அப்புறம் சுஜாதா ஹைக்கூவுக்கு விதிமுறை சொன்னார். அங்கிருந்து மூன்று வரி எழுதாத கல்லூரி மாணவரே இல்லை என்றானது.

இந்த வரலாற்றை எல்லாரும் சொல்வார்கள். இதில் விட்டுப்போகும் ஒரு பகுதி உண்டு. பாரதியின் கட்டுரையில் வரும் அதே நோகுச்சி, 1935இல் இந்தியா வந்து மரியாதைகளோடு சுற்றிவிட்டுப் போன அதே நோகுச்சி, 1938இல் தாகூருக்குக் கடிதம் எழுதினார். சீனாவின் மீது ஜப்பான் நடத்திய போரை நியாயப்படுத்தி எழுதிய கடிதம். ஆசியா ஆசியர்களுக்கே என்ற லட்சியத்துக்காக இந்தப் போர் தேவை என்பது அவர் வாதம். தாகூர் வெளிப்படையாக மறுத்துப் பதில் எழுதினார். இருவரின் நட்பும் அதோடு கசந்தது. சொல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் குண்டுவீச்சுக்கு வக்காலத்து வாங்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் ஜப்பான் தட்டில் இதற்கு இடமில்லை. அங்கே நிலா மட்டும்தான் காயும்.

பழைய இலக்கியத்துக்குப் போனால் கதை இன்னும் சுவாரசியம். ‘மன்யோஷூ’ எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட பெருந்தொகை. நம் சங்கத் தொகைகளோடு ஒப்பிட்டுப் பேசத் தகுந்தது. அதில் யமனோவே நோ ஒகுரா என்பவரின் நீண்ட பாட்டு ஒன்று இருக்கிறது. குளிர் இரவில் ஒரு ஏழை, தன்னைவிடப் பரம ஏழையிடம் எப்படிப் பிழைக்கிறாய் என்று கேட்கிறான். இடிந்த குடிசை, தரையில் வைக்கோல், பசியில் முனகும் பெற்றோர், பிள்ளைகள், சோறு வேகாத அடுப்பு. கடைசியில் வரி கேட்டு ஊர்த் தலைவன் சாட்டையோடு படுக்கை அறை வாசல்வரை வந்து கத்துகிறான். இதை எழுதிய ஒகுரா யார் தெரியுமா? சிகுஜென் மாகாணத்தின் ஆளுநர். வரி வசூலுக்குப் பொறுப்பானவரே எழுதிய பாட்டு. இது நம் ‘ஜப்பானிய மென்மை’ பட்டியலில் ஏன் வருவதில்லை?

அடுத்து சேய் ஷோனகோனின் ‘தலையணைக் குறிப்புகள்’. பட்டியல் போடும் அழகுக்காக இன்றைய இளம் வாசகர்கள் கொண்டாடும் நூல். மனசைத் துள்ளவைக்கும் பொருட்கள், எரிச்சலூட்டும் பொருட்கள் என்று அவர் போட்ட பட்டியல்களைப் பார்த்து நம்மவர்களும் போடுகிறார்கள். அவர் பணிபுரிந்தது பேரரசி தெய்ஷியின் மாளிகையில். தெய்ஷியின் அப்பா இறந்ததும் அதிகாரம் சித்தப்பா மிச்சிநாகாவின் கைக்குப் போகிறது. 996இல் தெய்ஷியின் அண்ணன் நாடுகடத்தப்படுகிறார். மிச்சிநாகா தன் மகளையும் பேரரசியாக்குகிறார். தெய்ஷி சில வருஷத்தில் பிரசவத்தில் இறந்துபோகிறார். இத்தனையும் நடக்கும்போது, தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் மாளிகையில் உட்கார்ந்துகொண்டு, இங்கே எல்லாம் சிரிப்பாகவும் நேர்த்தியாகவும் இருந்தது என்று எழுதுகிறார் ஷோனகோன். வீழ்ச்சியைப் பற்றி ஏறக்குறைய மௌனம். நான் அதைத் தன் எஜமானிக்குச் செய்த அரசியல் விசுவாசமாக வாசிக்கிறேன். ‘கெஞ்சிக் கதை’ எழுதிய முராசாகி ஷிகிபுவோ ஜெயித்த அணியில், மிச்சிநாகாவின் மகள் மாளிகையில் இருந்தவர். இது தெரியாமல் ஜப்பானியச் செவ்வியல் உரைநடையைப் பேசுவது, சேரன் யார் சோழன் யார் என்று தெரியாமல் புறநானூறு பேசுவதைப் போல.

ஓவியத்துக்கு வந்தால், ஹொக்குசாயின் அந்தப் பேரலை. 1831 வாக்கில் வந்த அச்சு. இன்று டி-சர்ட்டில், போன் உறையில், காபிக் கடைச் சுவரில் எல்லாம் இருக்கிறது. அதில் மூன்று படகுகள் இருப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? மீனை விரைவாகச் சந்தைக்குக் கொண்டுபோகும் துடுப்புப் படகுகள் அவை. துடுப்பு வலிக்கும் கூலியாட்கள் படகோடு ஒட்டிக் குனிந்திருக்கிறார்கள். அலையைப் பார்க்கிறோம், ஆட்களைப் பார்ப்பதில்லை. அந்த நீலம்கூட ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த சாயம். இன்னொரு அச்சு ஓவியர் உத்தமாரோ. பெண்களின் அழகை வரைந்தவர் என்றுதான் அவரை அறிவோம். 1804இல் ஹிதேயோஷி என்ற பழைய ஆட்சியாளரை வரைந்ததற்காக அவரைச் சிறையில் போட்டு 50 நாள் கைவிலங்கு மாட்டினார்கள். அழகுத் தட்டில் விலங்குக்கு இடம் உண்டா?

4

அரபுத் தட்டில் இதே வெட்டு எதிர்ப்பக்கமாக விழுந்திருக்கிறது. அங்கே அழகை எடுத்துவிட்டோம்.

அபுல் அலா அல்-மஅர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 973இல் சிரியாவில் பிறந்தார். நாலு வயதில் அம்மை வந்து பார்வை போனது. அரபுக் கவிதையின் மிகக் கடினமான யாப்புகளைத் தனக்குத்தானே விதித்துக்கொண்டு எழுதினார். சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் ஒருவரைப் பயணம் அனுப்பி, அங்கே இருக்கும் பழைய கவிஞர்களோடு இலக்கணம், யாப்பு எல்லாம் பேசவைத்து ஒரு கிண்டல் நூல் எழுதினார். இறைச்சி தின்னமாட்டார். மீன், பால், தேன் எதுவும் தொடமாட்டார். முட்டையும் தொடமாட்டார். பறவை தன் குஞ்சுக்கு வைத்ததை நாம் ஏன் எடுக்கிறோம் என்று கேட்டவர். நாமக்கல் மாவட்டத்தில் கூட்டம் போட்டு இவரைப் பேசினால் கோழிப்பண்ணைக்காரர்கள் என்ன சொல்வார்களோ! வள்ளலாரைப் பேசுகிற மண்ணில் இவரைப் பற்றிப் பேச்சில்லை. 2013இல் சிரியாவின் உள்நாட்டுப் போரில் ஆயுதக் குழுவினர் அவர் சிலையின் தலையை வெட்டினார்கள். தலை வெட்டியது செய்தியாக வந்தது. அந்தத் தலைக்குள் என்ன இருந்தது என்பது வரவில்லை.

தர்வீஷையே எடுத்துக்கொள்வோம். தமிழுக்குப் பாலஸ்தீனக் கவிதைகளை எம்.ஏ. நுஃமான் 1981இலேயே தொகுத்துத் தந்தார். ஈழத்தின் சூழலில் அதற்கு இருந்த அவசரம் எல்லாருக்கும் தெரியும். பெரிய பணி அது. ஆனால் நாற்பது வருஷம் கழித்தும் நாம் அதே வாசலில்தான் நிற்கிறோம். தர்வீஷ் காதல் கவிதை எழுதினார், காபி போடுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அம்மாவைப் பற்றி எழுதினால் அம்மாவைத் தாய்நாடு என்றே வாசிக்கிறார்களே, என் அம்மா என் அம்மாதான் என்ற பொருளில் அவரே சலித்துக்கொண்டார். அம்மாவை அம்மாவாக எழுதும் உரிமையைக்கூட நாம் ஒரு அரபுக் கவிஞருக்குத் தருவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நம் அன்றாட வாழ்க்கை இந்தப் பாகப்பிரிவினைக்கு நேரெதிராக இருக்கிறது. தாலுகா ஆபீஸுக்குப் போய்ப் பாருங்கள். தாலுகா அரபு மூலம் கொண்ட சொல். தாசில், ஜில்லா, இலாகா, வசூல், மகசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, அமல், வக்கீல், ஜாமீன், ஜப்தி, கைதி, முன்சீப், தகராறு எல்லாம் அப்படியே. பாரசீகம், உருது வழியாக ஆட்சிமொழியாக வந்து தங்கியவை. அரபுச் சொல் இல்லாமல் நம்ம ஊரில் ஒரு நிலத்தகராறுகூட நடக்காது. ஜப்பானிய மொழி நமக்குத் தந்த சொற்களில் அதிகம் புழங்கியது எது? ரிக்‌ஷா. மனிதன் மனிதனை இழுக்கும் வண்டி. ஆக, வார்த்தைக் கணக்குப்படி பார்த்தால் சட்டமும் நிர்வாகமும் அரபியிலிருந்து வந்திருக்கிறது, கூலியின் வியர்வை ஜப்பானிலிருந்து வந்திருக்கிறது. நம் தட்டுகளில் இருப்பது முழுக்க வேறு.

5

சரி, ரெண்டு தட்டையும் கலந்து வைத்தால் என்ன ஆகப்போகிறது? நாமக்கல்லில் ஒருத்தருக்கு இப்னு கல்தூன் எதற்கு?

எதற்கென்று சொல்கிறேன். நாமக்கல் முட்டை ஓமனுக்குப் போகிறது, கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் போகிறது. நம்ம ஊர்ப் பையன்களும் போகிறார்கள். முட்டைக்கு அங்கே என்ன விலை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அங்கிருக்கிற மனிதர்கள் ஆயிரம் வருஷமாக என்ன யோசித்தார்கள் என்பது தெரியாது. வியாபாரத்துக்கு வேண்டியவர்கள், வாசிப்புக்கு வேண்டாதவர்கள். இதன் விளைவு அங்கே விழுவதில்லை, இங்கே விழுகிறது. பக்கத்துத் தெரு முஸ்லிமைப் பார்க்கும்போதும் நம் மனசு அதே தட்டிலிருந்துதான் படத்தை எடுக்கிறது. அலிபாபா படம், இல்லாவிட்டால் செய்திச் சேனல் படம்.

இன்னொரு காரணம் இதைவிட நெருக்கமானது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள், பிறகு கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் பேச்சுவார்த்தை. அதன்பின் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த நாட்களில் எழுதப்பட்ட கட்டுரைகளில் வால்டேர் வந்தார், ருஷ்தி வந்தார். கெய்ரோ வந்ததா?

கெய்ரோவில் இதெல்லாம் நூறு வருஷமாக நடந்த சண்டை. 1924இல் துருக்கியில் கிலாபத்தை ஒழித்தார்கள். மறுவருஷமே அலி அப்துர் ராஸிக் என்ற மார்க்க அறிஞர், ஆட்சிமுறை என்பது மதம் கட்டளையிட்ட விஷயம் இல்லை, மனிதர்கள் தீர்மானிக்க வேண்டியது என்று நூல் எழுதினார். அல்-அஸ்ஹர் அவரைத் தன் அறிஞர் பட்டியலிலிருந்து நீக்கியது, அவர் நீதிபதி வேலையும் போனது. 1926இல் தாஹா ஹுசைன் இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் கவிதைகளின் காலத்தைச் சந்தேகித்து ஆய்வு நூல் எழுதினார். கூச்சல், வழக்கு, நூல் திரும்பப் பெறப்பட்டது. 1927இல் அரசு வழக்கறிஞர் முஹம்மது நூர், இது ஆய்வு நோக்கத்தில் எழுதப்பட்டது, குற்றம் இல்லை என்று வழக்கை முடித்தார். தாஹா ஹுசைன் நூலைத் திருத்தி வேறு தலைப்பில் வெளியிட்டார். நகிப் மஹ்பூஸ் 1959இல் அல்-அஹ்ராமில் தொடராக எழுதிய ‘எங்கள் தெருப் பிள்ளைகள்’ எகிப்தில் புத்தகமாக வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1988இல் நோபல் வாங்கியவரை 1994இல் கழுத்தில் குத்தினார்கள். எழுதும் கை சரியாக வேலை செய்யாமல் போயிற்று.

கூட்டம் கூடுகிறது, புத்தகத்தைப் படிக்காதவர்களே அதிகம் கத்துகிறார்கள், அதிகாரி சமாதானம் பேசுகிறார், எழுத்தாளர் பின்வாங்குகிறார், பிறகு சட்டம் தெரிந்த ஒருவர் நிதானமாகப் படித்துவிட்டு இதில் குற்றமில்லை என்கிறார். எகிப்திய வழக்கைத் தெரிந்த ஒருவருக்கு 2015 அதிர்ச்சியாக இருந்திருக்காது. அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க முன்மாதிரிகள் கையில் இருந்திருக்கும். ‘இந்தக் கொடுமை எங்க ஊர்ல மட்டும்தான்’ என்ற தனிமையாவது குறைந்திருக்கும்.

இப்னு கல்தூனும் இங்கேதான் வருகிறார். 1377இல் ‘முகத்திமா’ எழுதியவர். அஸபிய்யா என்ற சொல்லைச் சுற்றி அவர் கட்டிய சிந்தனை நமக்கு நேரடியாகப் பேசும். ஒரு கூட்டத்தை ஒன்றாகப் பிடித்துவைக்கும் பங்காளிப் பிடிப்பு அது. கஷ்டத்தில் வளர்கிறது, அதிகாரத்தைப் பிடித்துத் தருகிறது, சுகம் வந்ததும் தளர்கிறது. ஒரு குடும்பத்தின் பெருமை நாலு தலைமுறைக்குள் கரைந்துவிடும் என்றார் அவர். லாரி, ரிக் வண்டி, ஜவ்வரிசி, கோழிப்பண்ணை என்று எங்கள் பகுதி வளர்ந்த வளர்ச்சியில் உறவுக்காரர் கடனும் சாதிக்காரர் நம்பிக்கையும் என்ன வேலை செய்தன என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பணம் வந்த பிறகு, பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போன பிறகு, அந்தப் பிடிப்பு தளர்கிறது. தளரும்போதுதான் மானம், பாரம்பரியம் என்று குரல் உயர்கிறது என்பது நான் சேர்ப்பது. ஒரு நாவல் அந்தக் குரலுக்கு வசதியான இலக்கு. பதினான்காம் நூற்றாண்டின் வட ஆப்பிரிக்கர் ஒருவர் திருச்செங்கோட்டைப் புரிந்துகொள்ள ஒரு கருவி தந்திருக்கிறார். அதை எடுக்காமல் இருப்பது யாருக்கு நட்டம்?

6

இதற்கு வரக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும்.

‘அண்ணா, கவிதைக்குள்ள அரசியலைத் தேடாதீங்க. ஹைக்கூவை ஹைக்கூவா ரசிக்க விடுங்க.’ தாராளமாக ரசியுங்கள். தவளை குளத்தில் குதிப்பதை நானும் ரசிப்பேன். ஆனால் ஜப்பானியரே ஹைக்கூவை மட்டும் வைத்துக்கொண்டு வாழவில்லை. அவர்கள் இலக்கியத்திலிருந்து சண்டையையும் வரியையும் விலங்கையும் நீக்கிவிட்டு, மிச்சத்தை ஜென் என்று நாம் சொல்வது ரசனை ஆகாது. ஒரு மக்களைப் பொம்மையாக்குவதும் அவமதிப்புத்தான், அந்தப் பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

‘தோழர், காஸா எரியும்போது மஅர்ரியின் யாப்பு முக்கியமா?’ முக்கியம். ஒரு மக்களுக்கு யாப்பும் கிண்டலும் தத்துவமும் இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் எரிவது என்ன என்று முழுசாகத் தெரியும். சாவை மட்டும் பார்த்துப் பழகிய கண், கொஞ்ச நாளில் சாவுக்கும் பழகிவிடும்.

‘தமிழில் கிடைப்பதில்லையே.’ இதுதான் நேர்மையான பதில், இதற்குத்தான் கொஞ்சம் கடுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழி தெரிந்த தமிழர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அரபி தெரிந்தவர்கள் அப்படியா? வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் அரபுத் துறை இருக்கிறது. ஊர் ஊருக்கு மதரஸா இருக்கிறது. செவ்வியல் அரபியை இலக்கணத்தோடு படித்த தமிழர்கள் இந்த மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபே நமக்கு உண்டு. ஆனால் இலக்கியப் பத்திரிகைகள் அவர்களிடம் என்ன கேட்கின்றன? ரம்ஜான் மலருக்கு ஒரு கட்டுரை கேட்பார்கள். முதனப்பியின் ஒரு கவிதையை நேரடியாக மொழிபெயர்த்துத் தாருங்கள், அந்த யாப்பைத் தமிழில் எப்படிக் கொண்டுவரலாம் என்று எழுதுங்கள் என்று கேட்டதுண்டா? பக்கத்து ஊரில் அரபி தெரிந்தவர் இருக்கும்போது, அரபுக் கவிதையை ஆங்கிலம் வழியாக எடுத்து வருகிறோம். அலிபாபாவைப் பாரிஸ் வழியாக எடுத்து வந்த அதே பாதை.

முந்தைய தலைமுறை இவ்வளவு குறுகவில்லை. தமிழில் ஹைக்கூவைத் தொடக்கத்திலேயே எழுதிப் பார்த்த அப்துல் ரகுமான்தான் பின்னாளில் தமிழில் கஜல் தொகுப்பும் தந்தார். கஜலின் வேர் அரபியில் இருக்கிறது. இரண்டு வாசலும் ஒரே கவிஞரிடம் திறந்திருந்தன. கெய்ரோவிலும் அப்படித்தான். 1904இல் எகிப்தியத் தேசியவாதி முஸ்தபா காமில் ஜப்பானைப் பற்றி ‘உதிக்கும் சூரியன்’ என்று நூல் எழுதினார். அதே வருஷம் ஹாபிஸ் இப்ராஹிம் ஒரு ஜப்பானியப் பெண்ணைப் பற்றிக் கவிதை எழுதினார். ஜப்பானை அவர்கள் பார்த்தது விடுதலைக்கான வழியாக. நோகுச்சி பின்னால் போன பாதையைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கையில் எவ்வளவு ஏமாற்றம் ஒளிந்திருந்தது என்பதும் தெரிகிறது. அதுவும் அரசியல் பாடம்தான்.

7

நமக்கே இது புதிதில்லை. ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் கொல்லிமலை தெரியும். வல்வில் ஓரி ஆண்ட மலை. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்றான், மலை சேரனுக்குப் போனது. அப்பட்டமான அரசியல் கொலை. இந்தச் செய்தி நமக்கு எங்கே கிடைக்கிறது? நற்றிணையின் 320ஆம் பாட்டில், கபிலரின் ஒரு மருதப் பாட்டில் கிடைக்கிறது. திருவிழா முடிந்த தெரு. ஒரு பெண் அதில் நடந்து போகிறாள், அவ்வளவுதான். அதற்கு ஊரே இரைகிறது. அந்த இரைச்சலுக்குக் கபிலர் சொல்லும் உவமை, ஓரியைக் கொன்றுவிட்டு அவன் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சல்.

காதல் பாட்டுக்குள் கொலை இருக்கிறது. கொலையின் கூச்சலை அளக்க ஒரு பெண்ணின் நடை போதுமானதாக இருக்கிறது. அகம் எழுதிய கபிலரே புறமும் எழுதினார். ஜப்பானை அகமாகவும் அரபை புறமாகவும் பிரித்து வைத்திருக்கும் நாம் கபிலரை எந்தத் தட்டில் வைப்போம்? திருவிழா, பெண், இரைகிற ஊர் என்று அடுக்கிப் பார்த்தால் 2014 திருச்செங்கோடும் அந்தப் பாட்டுக்கு வெகு தூரத்தில் இல்லை.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஜப்பானியச் செவ்விலக்கியத்தை அறிமுகப்படுத்துகிறவர்கள், அதை யார் ஆட்சியில், எந்த மாளிகையில், யார் சோறு போட எழுதினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அரபு உலகைப் பேசுகிறவர்கள், போர் இல்லாத மாதத்திலும் ஒரு அரபுக் கவிஞரைப் பேசுங்கள். பத்திரிகை நடத்துகிறவர்கள், உங்கள் ஊரில் அரபி படித்த ஒருவரைத் தேடிப் போய், மதத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், கவாகிபியிலிருந்து ஒரு அத்தியாயம் கேளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து வளைகுடாவுக்கு முட்டை போய்க்கொண்டேதான் இருக்கும். திரும்பி வருகிற பெட்டியில் பேரீச்சம்பழமும் அத்தரும் வருகின்றன. ஒரு புத்தகத்துக்கும் இடம் இருக்கும், நாம் எழுதிக் கேட்டால்.